பட்டியலில் கடைசிப் பெயர்

மலை வெடித்தால் ஊர் எப்படி வெளியேறுவது என்று திட்டம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தபோது ஊர்த்தலைவர் சுரதின் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். துமினி பால் சங்கத்தில் பால் அளக்கிறவள், எந்த வீட்டில் எத்தனை ஆள், எத்தனை மாடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள், பாவம், புருஷனை மலைக்குப் பறிகொடுத்தவள், சிரத்தையாகச் செய்வாள். அவ்வளவுதான் நினைத்திருப்பார். நான் பழி வாங்குவேன் என்று நினைத்திருக்க மாட்டார். மறைக்க என்ன இருக்கிறது, நான் பழிதான் வாங்கினேன்.

ஜாவாத் தீவின் மெராபி எரிமலையின் வாயிலிருந்து எங்கள் ஊர் ஆறு கிலோமீட்டர். கீழே இறங்க ஒரே சாலை. மணல் முதலாளி பாக் ஹர்தோயோவின் லாரிகள் பன்னிரண்டும் ஓடி ஓடி அதைச் சல்லடையாக்கி வைத்திருந்தன. மூங்கில் தோப்பு வளைவில் இருந்த குழியில் ஒரு கன்றுக்குட்டி படுத்தால் முதுகு தெரியாது.

ஏழு வருடத்துக்கு முன் மலை வெடித்த அன்று என் புருஷன் சார்ஜிமான் எங்கள் இரண்டு மாடுகளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கடைசியாக இறங்கினான். அந்தக் குழியில் வண்டியின் அச்சு முறிந்தது. அவன் ஓடியிருக்கலாம். மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடுகிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றபோது நெருப்பு மேகம் வந்துவிட்டது. மூன்று உடலையும் ஒரே இடத்தில் கண்டெடுத்தார்கள்.

ஏழாம் நாள் சடங்குக்கு ஹர்தோயோ ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். மெழுகுச் சாயத்தில் பூப்போட்ட புது பாத்திக் சட்டை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "மலை கேட்டுச்சு, குடுத்தாச்சு. மனசைத் தேத்திக்கங்க, இபு" என்றார். எங்கள் பேச்சில் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.

மலையா கேட்டது? உன் லாரியல்லவா கேட்டது, பாவி. ஆனாலும் நான் அவருக்கு இஞ்சி டீ ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்த கை இன்னும் எனக்கு எரிகிறது.

அதற்கப்புறம் சாலையைச் சரிபண்ணச் சொல்லி ஹர்தோயோவிடம் ஏழு வருடம் நடையாய் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் கிராம்பு சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆகட்டும், இபு. பண்ணிடுவோம்" என்று சிரிப்பார். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும், ஹர்தோயோ நகரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் திட்டம் என் கைக்கு வந்தது. மாவட்ட அதிகாரிகள் இரண்டு விதி சொன்னார்கள். ஒன்று, சொந்தக் கார், ஜீப் எதுவும் சாலையில் இறங்கக் கூடாது. போன தடவை அவைதான் வழியை அடைத்தன. இரண்டு, எந்த வீடு எந்த வண்டியில், எத்தனையாவதாக இறங்கும் என்று பட்டியல் போட வேண்டும். போட்டேன். ஹர்தோயோவின் லாரிகளில் மாடுகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் ஏற்றினேன். மாடு ஏறினால்தான் எங்கள் ஆட்கள் ஏறுவார்கள். ஹர்தோயோவின் வீட்டை மட்டும் கடைசி வண்டியில் போட்டேன். பால் சங்கத்தின் பழைய பிக்கப். சார்ஜிமானுடையது எரிந்த பிறகு சங்கம் வாங்கியது.

அதை ஓட்டுகிறவள் என் சிநேகிதி லஸ்மி. பட்டியலைப் பார்த்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள்.

"அடிப்பாவி. அந்தாளை மாட்டுச் சாணி வண்டியிலயா ஏத்துற?"

"கழுவிக் குடு."

"நான் ஏன் கழுவணும்? ஏழு வருஷமா அவர் ரோட்டைக் கழுவுனாரா?"

ஊர்க்கூட்டத்தில் பட்டியலை நீட்டினேன். எங்கள் ஊரில் கூட்டத்தில் நீட்டிய காகிதத்தை வாசித்துப் பார்த்தால் நீட்டியவரைச் சந்தேகிப்பதாக அர்த்தம். பெரிய மனிதர்கள் வாசிக்கவே மாட்டார்கள். முதல் கையெழுத்து எப்போதும் ஹர்தோயோவுடையது. வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பண்டத்தை மென்றபடியே போட்டுக் கொடுத்தார்.

"துமினி இபு எழுதினா அதுல தப்பிருக்குமா? நம்ம லாரியெல்லாம் ஊருக்குத்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நான் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சைரன் ஊதி பதினேழு நிமிடத்தில் மூங்கில் தோப்பு வளைவைத் தாண்டிவிட வேண்டும், தாண்டாதவர்கள் செத்தவர்கள் என்பது கணக்கு. செத்தவர்கள் கையில் கறுப்பு நாடா கட்டுவார்கள். அந்த வளைவில் கடிகாரத்தோடு நிற்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

சைரன் ஊதியது. லாரிகள் ஒவ்வொன்றாகக் குலுங்கிக் குலுங்கி இறங்கின. மாடுகள் கத்தின. லாரிச் சக்கரம் பெரியது, குழியில் இறங்கித் தத்தித் தாண்டிவிட்டது. மேலே என்ன நடந்தது என்று லஸ்மி பிறகு சொன்னாள். ஹர்தோயோ ஜீப்பைக் கிளப்பியிருக்கிறார். மாவட்ட அதிகாரி பட்டியலைக் காட்டி, "பாக், உங்க கையெழுத்துதானே முதல்ல இருக்கு?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். ஊரே பார்க்கிறது. முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டே பிக்கப்பின் பின்னால் ஏறினார். ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மகள் வுலன் முன்னால் லஸ்மி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வுலன் வருவாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டியலில் அவள் பெயரையும் என் கையால்தான் எழுதினேன். எழுதும்போது மனசு ஒரு கணம் இடறியது. இடறினாலும் எழுதினேன்.

பதினாலாவது நிமிடம் பிக்கப் வளைவுக்கு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாளே என்று லஸ்மி ஆமை மாதிரி ஊர்ந்துதான் வந்தாள். அப்படியும் முன் சக்கரம் குழிக்குள் இறங்கி வண்டி வயிற்றால் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஹர்தோயோ குதித்துத் தள்ளினார். பாத்திக் சட்டை முழுக்கச் சேறு.

"நின்னு பாக்குறீங்களே, ஒரு கை குடுங்க" என்றார் என்னைப் பார்த்து.

"எனக்கு நேரம் பாக்குற வேலை, பாக். பதினஞ்சு ஆச்சு."

"இபு."

"சார்ஜிமானும் இப்படித்தான் தள்ளியிருப்பான். பதினாறு."

பதினேழில் விசிலை ஊதினேன். கீழே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லஸ்மி தானாகவே கையை நீட்டினாள், கட்டினேன். ஹர்தோயோவின் மணிக்கட்டில் கட்டும்போது நன்றாக இறுக்கிக் கட்டினேன். எத்தனை வருடத்துச் சந்தோஷம் அது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வுலன் மெதுவாக இறங்கி வந்தாள். ஒரு கையை நீட்டினாள், கட்டினேன். மறு கையையும் நீட்டினாள்.

"இன்னொண்ணு கட்டுங்க, இபு. உள்ள இருக்கறதும் செத்துப்போச்சுல்ல."

இன்னொரு நாடாவை எடுத்தேன். அதையும் கட்டினேன். அவள் திரும்பி இரண்டு கையையும் அப்பாவுக்குக் காட்டினாள். அப்போதுதான் ஹர்தோயோவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. குழியைப் பார்த்தார். அந்தக் குழியை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாளே ஜல்லி வந்து இறங்கியது. ரோலர் வந்தது. தார் காய்ச்சும் புகையில் ஊரே இருமியது. ஹர்தோயோ குடை பிடித்துக்கொண்டு நின்று வேலை வாங்கினார். வேலை முடிந்த அன்று நான் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூங்கில் தோப்பு வளைவில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஊரெல்லாம் என்னை மெச்சியது. எனக்கோ அன்றைக்கு வந்த ஆத்திரம் சார்ஜிமானைப் புதைத்த நாளில்கூட வரவில்லை. இருபத்தொரு நாள். வெறும் இருபத்தொரு நாள் வேலை அது.

வளைவில் ஹர்தோயோ நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு நாடாவை எடுத்து நீட்டினார்.

"ரோடு ஆயிடுச்சு. இதைத் திருப்பி வாங்கிக்கங்க, இபு. இப்ப மனசு ஆறுச்சா?"

"இந்த இருபத்தொரு நாள் அப்ப எங்க போச்சு, பாக்?"

அவர் வாயைத் திறந்தார். மலை கேட்டது என்று சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"நாடாவை வச்சுக்கங்க. செத்தவங்க திருப்பித் தர்றதில்ல" என்றேன்.

அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "பட்டியல்ல வுலனையாவது முன்னாடி போடுங்க. குழந்தை பொறக்கப் போகுது" என்றார். முதல்முறையாகக் கெஞ்சினார்.

"போட்டாச்சு. முதல் லாரியில, டிரைவர் பக்கத்துல."

"நான்?"

நான் வண்டியைக் கிளப்பினேன். அந்தப் பட்டியலை வருடா வருடம் புதிதாக எழுத வேண்டும். மூன்று தடவை எழுதிவிட்டேன். வுலனும் அவள் பையனும் முதல் லாரியில் இருக்கிறார்கள். ஹர்தோயோ கடைசிப் பிக்கப்பில்தான் இருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் அவர் இப்போதெல்லாம் கடைசி வரிவரை வாசித்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டுப் போடுகிறார்.