நீமா பாடாத கல்யாணம்

பாட ஒப்புக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தன்று காலை எழுந்தபோது நீமாவின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பிரிகாமா ஊர்ப்பக்கம் அவள் பெயர் சொல்லிப் பாடினால் செத்துப்போன பாட்டன்மாரும் எழுந்துவந்து முன்வரிசையில் உட்காருவார்கள் என்பது பேச்சு. கூடவே கோரா என்னும் சுரைக்குடுக்கை யாழை வாசிக்கும் கணவன் யான்குபாவைப் பாதிப் பேருக்குத் தெரியாது. நீமா புருஷன் என்றால்தான் தெரியும்.

"வேற பாட்டுக்காரிய அனுப்பலாங்க," என்று கிசுகிசுத்தாள்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றான், தந்திகளைச் சுருதி சேர்த்தபடி.

"உங்களுக்குப் பாட வராதே!"

"பாடுறேன்னு யாரு சொன்னா?"

கல்யாண வீட்டில் மணமகனின் மாமா மலாங்கு காத்திருந்தார்; அவருக்கும் யான்குபா வீட்டாருக்கும் கேலி முறை. விடுவாரா மனிதர்?

"ஏண்டா, பொண்டாட்டிக்குப் பேச்சு நின்னுபோச்சாமே! உனக்கு இன்னைக்குப் பெருநாள்தான்!"

கூட்டம் சிரித்தது.

"எங்க பாட்டன் பேரையெல்லாம் யாருடா கூப்பிடுவா? உன் சுரைக்குடுக்கையா?"

"கூப்பிடும் மாமா. நீங்க சோத்துத் தட்டுல இருந்து தலையத் தூக்கினா கேக்கும்."

யான்குபா பாயில் உட்கார்ந்து கோராவை மடியில் நிறுத்தினான். நீமா அவனருகே நகர்ந்து, குடுக்கையின் முதுகில் தாளம் தட்டினாள். கட்டைவிரல்கள் அடித்தந்திகளில் நடக்க, ஆட்காட்டி விரல்கள் மேலே மழையாய்க் கொட்டின. மலாங்கின் குடும்பத்துக்கே உரிய ராகம். அதில் தன் குரலின் இழுப்பும் குழைவும் அப்படியே வருவதைக் கேட்டு நீமா தாளத்தையே தவறவிடப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இவன் தன்னைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். தான்தான் இவனைக் கேட்கவில்லை.

பாட்டனின் பெயர் வரவேண்டிய இடத்தில் யான்குபா கையை நிறுத்தினான்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு கிழவி அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். தந்திகள் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி நின்றன. அடுத்த பெயரை நாலைந்து பேர் கூப்பிட்டார்கள். மூன்றாவதற்கு மலாங்கே வாய் நிறையச் சோற்றோடு எழுந்து நின்று தன் தகப்பன் பெயரைக் கத்தினார். கண்ணில் நீர் வழிந்தது. அதற்குப்பின் வீடே பாடியது.

புறப்படும்போது ஒருத்தி ஓடிவந்தாள். "யான்குபாண்ணே, எங்க குழந்தைக்குப் பேர் வைக்கிற விருந்துக்கு நீங்க வரணும்."

முதல்முறையாக அவன் பெயர். நீமாவுக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

அந்த விருந்து வருவதற்குள் நீமாவின் குரல் திரும்பிவிட்டது. வழக்கம்போலப் பாடினாள். பாதியில் தானாகவே நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

"இப்ப இவர் வாசிக்கிறதக் கேளுங்க."