மூன்றாம் பத்தி

சட்டசபை உறுப்பினருக்கு மேடை ஏறினால் வாய் ஓயாது. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடாது. மாதாமாதம் தொகுதி மக்களின் கைபேசிக்குப் போகும் அவருடைய அறிக்கையை அவரது அலுவலகத்துப் பெண் ஒருத்திதான் எழுதினாள். கையெழுத்துக்கு மேலே வரும் 'உங்கள் வீட்டில் ஒருவன்' கூட அவள் போட்டதுதான். அலுவலகத்தில் எல்லாரும் அவளைப் 'பேனா' என்றே கூப்பிட்டார்கள்.

அறிக்கையைப் படித்து உருகியவர்களில் பேனாவின் அக்காவும் உண்டு. அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளையில்லை. குழந்தைகள் காப்பகம் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்த ஒரு பெண் குழந்தையை வளர்த்துவந்தார்கள். கழுத்து நிற்காமல் வந்தது, இப்போது வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தது. 'வாலு' என்று பெயர் வைத்தது அத்தான். பேனா போனால் போதும், "சித்தி, பையில என்ன?" என்று துழாவிப் பார்க்காமல் விடமாட்டாள்.

சிக்கல் ஒன்றுதான். அவர்கள் வளர்க்கலாம், தத்தெடுக்க முடியாது. வயது வரம்பு தாண்டிவிட்டது. வரிசையில் காத்திருக்கும் இளம் தம்பதி யாராவது கேட்டால் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். வளர்த்தவர்களுக்கு வயதில் விலக்கு கேட்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தவர் உறுப்பினர்தான். அக்கா வீட்டு சோபாவில் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு, "இவளை யாரும் உங்ககிட்டேருந்து பிரிக்க முடியாதும்மா. நான் இருக்கேன்ல?" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. மனசாரத்தான் சொன்னார். பிறகு பேனாவுக்கு ஆறாமல் போனதும் அதுதான்.

பட்ஜெட் வாக்கெடுப்பில் ஆளும் தரப்புக்கு ஆள் போதவில்லை. உறுப்பினரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பல்கலைக்கழகக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் பதவி என்றார்கள். துணைவேந்தர் ஒரு தடவை அவரை வாசலில் காக்க வைத்ததிலிருந்து அந்த நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண். பதிலுக்கு பட்ஜெட்டுக்குக் கை தூக்க வேண்டும். தத்துத் திருத்தத்தைக் கிடப்பில் போட வேண்டும். குழந்தைக்குக் காத்திருந்த பெரிய இடத்துக்காரர்கள் சிலருக்கு அந்தத் திருத்தம் கசந்தது.

"இந்த மாச அறிக்கையில பட்ஜெட்டை முதல்ல எழுதுங்க," என்றார் உறுப்பினர், கண்ணாடியைத் துடைத்தபடி. "அப்புறம் பல்கலைக்கழகம். அதை நல்லா விரிச்சு எழுதுங்க. தத்து விஷயம் மூணாவதா, சின்னதா."

"என்னன்னு எழுத, சார்?"

"பரிசீலனையில இருக்குன்னு."

"யாரு பரிசீலிக்கிறாங்க?"

"பேனா, நோண்டாதீங்க. அடுத்த கூட்டத்தொடர்ல கண்டிப்பா முடிச்சிடலாம்."

"அதுக்குள்ள குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"அரசாங்க வேலை அவ்வளவு வேகமாவா நடக்குது?" என்று சிரித்தார்.

எழுத மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம். உள்ளே இருந்தால்தான் அடுத்த முறையாவது அவரைப் பிடித்து உலுக்க முடியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'குழந்தைகளின் நலனே முதன்மை என்பதால், இத்திருத்தத்தை அவசரப்படாமல் ஆழ்ந்து பரிசீலிக்கிறோம்' என்று எழுதினாள். 'ஒத்திவைப்பு' என்ற சொல் வராமல் எழுதிவிட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அறிக்கை வெளியானதும் அக்கா கூப்பிட்டாள்.

"'அவசரப்படாமல்'னு போட்டது அவரா, நீயா?"

பேனா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீ பள்ளிக்கூடத்துல எழுதின கட்டுரையெல்லாம் நான்தான்டி படிச்சுப் பாப்பேன். இப்படி வலிக்காமக் குத்த அந்த ஆளுக்கு வராது. உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள், அக்கா. அடுத்த கூட்டத்தொடர்ல..."

"முந்தாநாள் ராத்திரி இங்கதானே சாப்பிட்டே. அவளுக்கு ஊட்டி வேற விட்டே."

போனை வைத்துவிட்டாள்.

அரசாங்க வேலை அந்த ஒரு தடவை மின்னல் வேகத்தில் நடந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் காப்பக அதிகாரி ஓர் இளம் தம்பதியுடன் வந்து இறங்கினார். கெட்டவர்கள் இல்லை, அந்தப் பெண்ணும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாலு வெளியே கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, செருப்பைத் தானே கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, நீ ஏறல?"

"நீ முன்னாடி போடா கண்ணு. அம்மா வீட்டைப் பூட்டிட்டு வரேன்."

எதிர்ச்சாரியில் நின்றிருந்த பேனாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. கார் போனபின் தெருவைக் கடந்து வந்தாள். அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேணாம்மா. உங்கக்கா இப்ப உன்னைப் பார்த்தா தாங்க மாட்டா," என்றார். எப்போதும் போலத் தணிந்த குரலில்தான் சொன்னார்.

அடுத்த கூட்டத்தொடரில் திருத்தம் நிறைவேறியது. உறுப்பினர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். முகமெல்லாம் பல்லாக அலுவலகத்துக்குள் வந்தார்.

"சொன்னேன்ல? இந்தத் தடவை தத்து விஷயம்தான் முதல்ல. உங்கக்கா, அத்தான் போட்டோ ஒண்ணு போட்டா எடுப்பா இருக்கும். இனிமே அவங்களும் வேற குழந்தை எடுத்துக்கலாமே!"

"வேற குழந்தையா?"

"ஏன், சட்டம்தான் இடம் கொடுக்குதே?"

பேனா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நீங்களே எழுதிக்குங்க, சார்."

"நல்ல செய்திதானேம்மா? இப்ப என்ன ஆச்சு?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அந்த மாத அறிக்கை வேறு ஆள் எழுதி, நேரம் தவறாமல் வந்தது. ஊரே பாராட்டியது.

பேனா அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மெலிந்திருந்தாள்.

"வேலையை விட்டுட்டியாமே."

"ஆமாக்கா."

"அன்னைக்கே விட்டிருந்தா எனக்குத் தங்கச்சியாவது மிஞ்சியிருப்பா."

கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.