ஜாயின்ட் போட்டோ

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில்தான். பாதிப் படி ஏறியதுமே நெஞ்சின் மேல் யாரோ ஈரத்துணி மூட்டையை வைத்த மாதிரி இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் "நகருங்கம்மா" என்பார்கள். "அவ்வளவு அவசரம்னா பறந்து போங்களேன்" என்று நானும் விடமாட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது சேலையூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் ஒருநாள் திருப்பித் திட்டக்கூட மூச்சு போதவில்லை. அன்றைக்குத்தான் பயந்துபோனேன்.

என் வீட்டுக்காரர் சத்தியநாதன் மீனம்பாக்கம் பக்கம் ஒரு மத்திய அரசு ஆபீசில் ஹெட் கிளார்க். லேசில் லீவு போடாத மனுஷன், எனக்காக லீவு போட்டு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனார். எக்ஸ்ரே, ஈசிஜி, குழாயில் ஊதிப் பார்ப்பது எல்லாம் ஆயிற்று. டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நுரையீரல் நல்லா இருக்கும்மா. இதயமும் நல்லா இருக்கு. நீங்கதான் அதுக்கு இடம் விடமாட்டேங்கறீங்க. எத்தனை வருஷமா இப்படிக் கூன் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

 பதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

என் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். அவர் ஐந்தடி மூன்று. பெண் பார்க்க வந்த அன்று, நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் வந்ததுமே சித்தி பின்னாலிருந்து இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "குனிஞ்சுக்கோடி காந்திமதி, வரன் தட்டிப்போயிடும்!" குனிந்தேன். வரன் தட்டிப்போகவில்லை. கல்யாணப் படத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சமாளித்தார்கள். அதன் பிறகு நான்தான் சமாளித்தேன். தட்டைச் செருப்பு. விசேஷங்களில் குரூப் போட்டோ என்றால் அவருக்கு ஒரு படி கீழே. தெருவில் நடக்கும்போது தோளைச் சுருக்கி, தலையை முன்னால் நீட்டி நடப்பது. இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அவர் ஒரு நாள்கூட என்னைக் குனியச் சொன்னதில்லை. உயரம் என்கிற பேச்சையே எடுத்ததில்லை. வாயால் சொல்லக்கூட முடியாத அளவுக்கு அது அவரை உறுத்துகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சண்டைக்காரிதான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் மனசு நோக எனக்கு இஷ்டமில்லை.

டாக்டரம்மா யோகா செய்யச் சொன்னாள். எங்கள் காலனி சங்கத்து ஹாலில் ஷ்யாம்சுந்தர் என்று ஒருவர் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தார். போனேன். "கண்ணை மூடி உங்களை ஒரு தாமரையா நினைச்சுக்கோங்க" என்றார். "தாமரைக்கு முழங்கால் வலிக்குமா சார்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் உருப்படியாக இரண்டு காரியம் அவர் சொல்லிக்கொடுத்தார்: சுவரில் முதுகு ஒட்டி நிற்பது, போர்வையைச் சுருட்டி முதுகுக்கு அடியில் வைத்துக் கையை விரித்துப் படுப்பது. இது போதும் எனக்கு என்று அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போவேன். மாடிப்படி முடிகிற அறையின் சுவர்தான் என் இடம். குதிகால் ஒட்டும், இடுப்பு ஒட்டும், தோள் இழுத்துப் பிடித்தால் ஒட்டும். தலை மட்டும் ஒட்டாது. பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தேங்காயை வைக்கலாம். எனக்கா கோபம் வராது? போலீஸ்காரன் பரேடில் நிற்கிற மாதிரி நெஞ்சைத் தூக்கிக்கொண்டு விறைத்து நின்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மூச்சு தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கவே இல்லை. "போடா" என்று சுவரைத் திட்டிவிட்டுக் கீழே வந்த நாளெல்லாம் உண்டு.

ஒரு நாள் காலை எனக்கு அலுத்துப்போய்விட்டது. நெஞ்சையும் தூக்கவில்லை, தோளையும் இழுக்கவில்லை. சுருட்டிய போர்வை மேல் சும்மா படுத்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் மெதுவாக, கடைசி வரைக்கும் வெளியே விட்டேன். அவ்வளவுதான். அடுத்த மூச்சு நான் இழுக்காமலே வந்தது. வயிற்றில் இறங்கி, விலா இரண்டு பக்கமும் விரிந்து, முதுகுப் பக்கம்கூடப் பரவியது. எனக்கு முதுகிலும் மூச்சு உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வானத்தைப் பார்த்தபடி அழுதேன். ஏன் அழுதாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுகமாக இருந்தது.

அதிலிருந்து விறைத்து நிற்பதை விட்டேன். முதலில் மூச்சை வெளியே விடுவேன், அது திரும்பி வரும்போது அதோடு சேர்ந்து நிமிர்வேன். மழைக்காலம் முடிவதற்குள் தலை சுவரைத் தொட்டது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறினேன். முன்னால் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெதுவா வாங்க, அவசரமில்லை" என்றேன். என்னாலேயே நம்பமுடியவில்லை.

தொல்லை ரவிக்கையில் ஆரம்பித்தது. எந்த ரவிக்கையைப் போட்டாலும் முன்பக்கம் போதவில்லை, பின்பக்கம் பை மாதிரி நின்றது. பக்கத்துத் தெருவில் ஷபீனா வீட்டிலேயே தைக்கிறாள். அவளிடம் போய், "என்னடி தையல் இது?" என்று சண்டை பிடித்தேன். அவள் டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"அல்லாவே! காந்தியக்கா, தையல் அப்படியேதான் இருக்கு, நீங்கதான் மாறிட்டீங்க. கூனே காணோமே! புடவைகூட ஏறிக்கிடக்குது பாருங்க." பிறகு கண்ணைச் சிமிட்டினாள். "ஆமா, வீட்ல சார் பாத்தாரா? இனிமே உங்களோட பேசணும்னா அவரு ஸ்டூல் போட்டுக்கணுமே."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் கேம்ப் ரோட்டில் காய் வாங்கப் போனபோது ஒரு பாத்திரக்கடைக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் உருவமும் விழுந்தது. அவர் நின்று பார்த்தார். கொஞ்ச நேரமே பார்த்தார். பிறகு கத்தரிக்காய் விலை கேட்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து பல்லாவரம் சந்தையில் இறங்கி, ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தார். குதிகால் மொத்தை மொத்தையாக இருந்தது. "ரிட்டயர்மென்ட் ஃபங்ஷனுக்கு" என்றார். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நடந்து பார்த்தார், கேட் பக்கத்தில் தடுக்கி விழப்போனார். நான் சிரித்துவிட்டேன். சமையலறைக்குள் வந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அறுபது வயசில் ஒரு மனுஷன் என்னால் அல்லவா இப்படி ஆடி ஆடி நடக்கிறான்! எனக்கு மூச்சு வேண்டும் என்பதற்காக அவர் தலையைக் குனியவைப்பதா?

மறுநாள் மாடிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தோள் தானாகவே பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு மறுபடியும் தொண்டையில் வந்து நின்றது.

"ஏன் மாடிக்குப் போறதில்லை?" என்று கேட்டார்.

"கால் வலி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேலே கேட்கவில்லை. அந்த மனுஷன் என்றைக்குத்தான் மேலே கேட்டிருக்கிறார்?

அடுத்த மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட். பென்ஷன் பேப்பரோடு புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நிற்கிற ஜாயின்ட் போட்டோ வைக்கவேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதே இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் பாட்சா பாய் ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் நன்றாகக் குனிந்துகொண்டு போனேன்.

நீலத் திரைக்கு முன்னால் எங்களை நிறுத்திவிட்டு பாட்சா பாய் கேமராவில் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"மேடம், இன்னும் கொஞ்சம் தோளை எறக்கிக்கினு நில்லுங்க. ஃபிரேம்ல உங்க தலை மேல போவுது."

இறக்கினேன். நெஞ்சு மடங்கி, மூச்சு அடைத்தது. இருமல் வந்துவிட்டது.

"ஒண்ணும் பேஜார் இல்ல சார்" என்றார் பாட்சா பாய். "இப்பல்லாம் கம்ப்யூட்டர் வந்துகீது. மேடத்தைக் கொஞ்சம் எறக்கி, உங்களைக் கொஞ்சம் ஏத்தி, சமமா பண்ணிக் குடுத்துடறேன்."

"வேணாம் பாய்" என்றார் அவர். குரல் கனத்திருந்தது. "நீங்க ஒரு நிமிஷம் வெளியே இருங்க."

பாட்சா பாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெளியே போனார். விளக்கு வெளிச்சத்தில் என் வீட்டுக்காரருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ நீ நிமிந்துதான் வந்தே, காந்திமதி. காபித் தட்டோட, ராணியாட்டம். என்னைப் பாத்ததும் தலை தொங்கிப்போச்சு. இந்தக் குள்ளனோடயா நிக்கப்போறோம்னு உனக்கு வெட்கமாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் எங்கே என்னோட நின்னாலும் அப்படித்தான் நின்னே. நான் என்னன்னு கேக்கறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

"மழை சமயத்துல நீ நிமிந்து நடக்க ஆரம்பிச்சே. அப்பாடா, ஒரு வழியா இவளுக்கு வெட்கம் போயிடுச்சுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உன் பக்கத்துல நிக்க லாயக்கா இருக்கணும்னுதான் இந்தச் சனியனை வாங்கினேன். வாங்கின மறுநாளே நீ பழையபடி குனிஞ்சுட்டே."

"அட கடவுளே!" என்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "என் சித்தி இடுப்புல கிள்ளினாங்க! குனியலைன்னா நீங்க வேணாம்னு போயிடுவீங்கன்னாங்க! நீங்க போயிடக்கூடாதுன்னு குனிஞ்சேன். முப்பது வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டு இருந்தீங்களே, வாய் எதுக்கு இருக்கு?"

"உனக்கு இருக்கிற வாய்க்கு நீயாவது கேட்டிருக்கலாமே" என்றார்.



அவர் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்து என் பக்கத்தில் நின்றார். என் முதுகில், சுவர் தொடுகிற அதே இடத்தில், உள்ளங்கையை வைத்தார்.

"நிமிந்து நில்லு" என்றார். பிறகு "பாய், வாங்க" என்று கூப்பிட்டார்.

நான் மூச்சை மெதுவாகக் கடைசி வரைக்கும் வெளியே விட்டேன். அது திரும்பி வந்தபோது நிமிர்ந்தேன். அவர் தலை என் புருவத்துக்கு நேராக இருந்தது.

பாட்சா பாய் கேமராவை இரண்டடி பின்னால் தள்ளிவைத்தார். "சார் மேடம், மூச்சைப் புடிச்சிக்கினு அப்படியே ஆடாம நில்லுங்க."

"ஆடாம நிக்கறேன் பாய்" என்றேன். "மூச்சை மட்டும் பிடிக்கமாட்டேன்."