சிவப்பு நூல் கட்டிய நகவெட்டி

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. குளியலறை அலமாரியில் இருந்த நகவெட்டி காணாமல் போனதில் பிறந்தது. வீட்டையே தலைகீழாக்கித் தேடினேன். கடைசியில் என் மனைவியின் கைப்பையில், சிவப்பு நூல் சுற்றிக் கிடந்தது.

"இது இனிமே எனக்கு மட்டும். உங்களுக்கும் பாப்பாவுக்கும் புதுசு வாங்கிட்டேன்," என்றாள்.

அவள் மருத்துவமனையில் நர்ஸ். தனி நகவெட்டி எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவளே சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வெள்ளுடை தேவதை ஒருத்தி...'

(வேண்டாம். அவள் சீருடை நீலம். மழையும் பெய்யவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 'ஊசி குத்தியது.'

(பரவாயில்லை. ஆனால் இதற்கு மேல் கை ஓடவில்லை.)

நடந்தது இதுதான். ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் சி வகை வைரஸ் உள்ள ஒருவருக்கு ரத்தம் எடுத்திருக்கிறாள். அந்த ஊசி கையுறையைத் துளைத்து அவள் விரலில் இறங்கிவிட்டது. பி வகைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாள். சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது.* சோதித்துவிட்டுக் காத்திருந்து, மறுபடி சோதிக்க வேண்டும்.

* தொற்றுவது அபூர்வம், தொற்றினாலும் மாத்திரையில் குணமாகும் என்று நோயாளிகளுக்குத் தைரியம் சொல்பவளே அவள்தான். அதையே நான் அவளுக்குச் சொன்னேன். "தெரியும்ங்க," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

3

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். அவசரமாக வந்த டாக்டர் அவள் முழங்கையில் இடித்ததாக எழுதினேன். படித்துப் பார்த்து அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள்.

"யாரும் இடிக்கலை. ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டப் போனேன். மாட்டாதீங்க, அப்படியே ஊசி போடற டப்பாவுல போடுங்கன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதே நான்தான்."

"அப்புறம் ஏன் மாட்டினே? படிக்கறவங்க நம்ப மாட்டாங்களே."

"டப்பா நிரம்பி வழிஞ்சுது. கை தானா மூடியைத் தேடிச்சு. எங்க வார்டுல யாரைக் கேட்டாலும் நம்புவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மீதா, டப்பாவை மாற்றாதவர்கள் மீதா என்று இன்னும்... (இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

4

பாப்பாவுக்கு நகம் வளர்ந்துவிட்டது. வெட்டிவிடுவது எப்போதும் அம்மாதான். இப்போது, "அப்பாகிட்டப் போ," என்கிறாள். புது நகவெட்டிதான், தொட்டால் தொற்றாது. அவளுக்குத் தெரியாததா? இருந்தும் போ என்கிறாள்.

(இதை எழுதும்போது அழுதேன். கதாசிரியன் சொல்லக்கூடாத விஷயம். சொல்லிவிட்டேன்.)

5

முடிவு அ: தொற்று இல்லை. (எழுதி வைத்துவிட்டு, பொய்யாகிப் போனால்?)

முடிவு ஆ: (என் கையால் எழுத மாட்டேன்.)

இரண்டாவது சோதனையின் முடிவை இன்று போனில் சொல்வார்கள். காலையிலிருந்து போனை மேசை மேல் வைத்துவிட்டு இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். பாப்பா புது நகவெட்டியை எடுத்துவந்து அம்மா மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா வெட்டினா வலிக்குது. நீதான் வெட்டணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வரும்போது போன் அடித்தது. ஆய்வகத்திலிருந்துதான்.

"எடுக்கட்டுமா?"

"இருங்க. சுண்டுவிரல் பாக்கி இருக்கு."

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு எடுக்கத் தைரியமில்லை. நீங்கள் எடுப்பதானால், அவள் அந்த விரலை வெட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து எடுங்கள்.