சரோ சொல்வது

அசரியா எதையும் இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டுகிற மனுஷர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எது எப்போது கையைவிட்டுப் போகுமோ என்ற கவலை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். மாதாமாதம் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனையையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவார். அந்த டிஸ்க்குக்கும் ஒரு பாஸ்வேர்டு. ஆமாம், திருடன் முடிச்சூருக்கு வந்து, நகையை விட்டுவிட்டு நம் சண்டே ஸ்கூல் கதைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறான் என்று மனைவி சரோஜினி கேலி செய்வாள். அது அவளுக்குக் குரல் இருந்த காலம்.

போன மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் சேற்றைக் குடித்துவிட்டுச் செத்தது. மேல்தட்டில் இருந்த டிஸ்க் மட்டும் ஒரு சொட்டு நனையாமல் தப்பியது. குரோம்பேட்டையில் கடை வைத்திருக்கும் பிரிட்டோ, புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டி, டிஸ்க்கைச் செருகினார். திரையில் ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

அசரியாவுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பழைய கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைத் தானாகவே திறந்துகொள்ளும். அவர் பாஸ்வேர்டை அடித்ததெல்லாம் டிஸ்க் வாங்கிய அன்று மட்டும்தான்.

“பாஸ்வேர்டு இல்லாம இத யாராலயும் தொறக்க முடியாது அங்கிள். வேணும்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு, டிஸ்க்கப் புதுசா யூஸ் பண்ணிக்கலாம்,” என்றார் பிரிட்டோ.

அழிப்பதா? கொரோனா நாட்களில் சர்ச் பூட்டிக்கிடந்தபோது, சரோஜினி சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக வாராவாரம் ஒரு கதையைப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள்; அசரியா அதைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவைத்தார். அதற்கு அப்புறம்தான் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாளே என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்ன அசரியா, குரலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் போனும் பிறகு செத்துப்போனது. சண்டே ஸ்கூல் பிள்ளைகளோ அந்தக் கதைகளை எப்போதோ அழித்துவிட்டிருந்தார்கள். மகள் சுஜியின் கல்யாண வீடியோவில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் வாயசைக்க, மேலே சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆக, சரோஜினியின் குரல் இந்த உலகத்தில் இருந்தது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். அவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் பயமாக இருந்தது.

கட்டத்துக்குக் கீழே ஒரு குறிப்பு தெரிந்தது. பாஸ்வேர்டு மறந்தால் ஞாபகப்படுத்துவதற்காக அவரே எழுதி வைத்தது: ‘சரோ சொல்வது’.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவதெல்லாம் ‘என்னங்க’தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதில்தான் வம்பே. முன்னால் ஒரு ‘ஒய்’ போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். நடுவில் ‘என்’ ஒன்று, ‘என்’ இரண்டு. கட்டம் எதற்கும் மசியவில்லை. ‘ஏங்க’வையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டோ கிளம்பிப் போனபிறகும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதையே அடித்துக்கொண்டிருந்தார்.

சரோஜினி பின்னால் வந்து நின்று பார்த்தாள். அவள் கையில் எப்போதும் ஒரு ஸ்பூன் இருக்கும். இப்போதெல்லாம் அவரைக் கூப்பிடுவது டம்ளரில் அதைத் தட்டித்தான். சாப்பாட்டுக்கு ஒரு தட்டு, கோபத்துக்கு ஒரு தட்டு என்று அதிலும் வித்தை கற்றுவைத்திருந்தாள். அன்று ஸ்பூனை வைத்துவிட்டு, போனில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அந்தக் குரல வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? திட்டுறதுக்கு நான் இங்கதான இருக்கேன்.”

அவர் சிரித்துவைத்தார். ஆனால் கண் கட்டத்தைவிட்டு நகரவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அவர் தோற்றுப்போனார். பிரிட்டோவுக்குப் போன் செய்து, நாளைக்கு வந்து டிஸ்க்கை அழித்துவிடச் சொன்னார். திரையை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சரோஜினி காபி கொண்டுவந்தாள். மேஜையில் ஸ்பூனைத் தட்டினாள். வழக்கமாக அவர் திரையிலிருந்தோ பேப்பரிலிருந்தோ கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். அன்று பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் டம்ளரை நீட்டினாள். உதடு அசைந்தது. நாக்கு பல்லைத் தொட்டது, வாய் திறந்தது, மூடியது. சத்தம்தான் இல்லை.

இந்தாங்க.

காபி, சாவி, குடை, மாத்திரை, எது கொடுத்தாலும் அவள் ‘இந்தாங்க’ என்றுதான் கொடுப்பாள். குரல் போன பிறகும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், ஒவ்வொரு டம்ளருக்கும். இவர்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அசரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன என்று அவள் புருவத்தை உயர்த்தினாள். அவர் அவள் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

திரையைப் போட்டு, ‘இந்தாங்க’ என்று அடித்தார். திறக்கவில்லை. அவள் நடுவில் கொஞ்சம் இழுப்பாளே என்று நினைத்து, இன்னொரு ஆங்கில ‘ஏ’ சேர்த்தார். கட்டம் மறைந்தது.

பழைய ஃபைல்கள் எல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்குள் இறங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். காபி ஆறிப்போனது. யோனா கதையை அவர் திறந்தார்.

“பிள்ளைகளா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்றது குரல். கொஞ்சம் கட்டை, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. மறக்கவில்லை, ஒன்றும் மறந்துவிடவில்லை. சரோஜினி தன் கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக்கொண்டு, யாரோ ஒரு பழைய சிநேகிதி பேசுவதைக் கேட்பவளாக, தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். யோனா கப்பலேறி, கடல் கொந்தளித்து, பெரிய மீன் வாயைத் திறக்கிற இடத்தில் குரல் நின்றது.

“என்னங்க, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாம் ரெக்கார்டு ஆகுது.”

அசரியா எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டார்.

நிறுத்திய பிறகுதான், சுவிட்சில் கையை வைத்தபடி, தான் செய்தது அவருக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். சரோஜினி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர. மேஜையில் ஸ்பூன் இருந்தது; அவள் அதை எடுக்கவில்லை. அவரைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

“வேர்க்குது, போடுங்க,” என்றாள்.

அவர் ஃபேனைப் போட்டார்.