வெளிச்செல்லும் பெட்டியில் ஒன்று

லாபிருக்குக் கலியாண அழைப்பு அனுப்பியதில் ராஜலிங்கத்துக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. மகள் துஷாந்திக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்த லாபிர் அப்போது டோஹாவில் மகனோடு தங்கியிருந்ததால், அழைப்பை மின்னஞ்சலில்தான் எழுதினார். பதில் வரவில்லை. லாபிர் ஊர் திரும்பிய பிறகும், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள்.

இப்போது, தன்னை அழைக்கவே இல்லையென்று லாபிர் கம்பளையில் யாரிடமோ சொன்னாராம். பழகிய மனிதரை அழைக்காத குடும்பம் என்ற பெயர் நிலைத்துவிடக் கூடாது. கடிதத்தைத் திகதியோடு அச்செடுத்து அவர் முன்னால் வைக்க வேண்டும்.

பழைய கணினியில் தேடினார். 'அனுப்பியவை'க்குள் இல்லை. அந்த அஞ்சல் மென்பொருளுக்குக் கண் மங்கிவிட்டதென்று முடிவுகட்டி, கோப்புறைகள் முழுவதையும் வெளி வன்தட்டொன்றுக்கு மாற்றினார். அதே மென்பொருளின் புதிய பதிப்பு மகள் வாங்கித் தந்த மடிக்கணினியில் இருந்தது. பழையதும் புதியதும் அந்த ஒரே கோப்புறைகளைத் திறக்கும்படி செய்து, இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாதென்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"ஒரு குசினியில ரெண்டு மருமகள் மாதிரியோ?" என்றார் மனைவி சிவமணி.

புதிய பதிப்பு ஒவ்வொரு கடிதமாக எண்ணி முடித்து, அவர் நெடுநாளாகக் காணாத ஒரு பெயரைத் தடித்த எழுத்தில் காட்டியது: வெளிச்செல்லும் பெட்டி. பக்கத்தில் 1.

லாபிருக்கு எழுதிய அழைப்புத்தான். போகாமல் அங்கேயே கிடந்தது.

புதியது பிழை விட்டிருக்கலாம். எந்தக் கோட்டையும் இரு முனையிலிருந்தும் அளந்த பிறகே பதிந்தவர் அவர். மடிக்கணினியை மூடிவிட்டுப் பழையதைத் திறந்தார். திரை துப்புரவாக இருக்கட்டுமென்று எப்போதோ தானே சுருக்கி மறைத்து வைத்த கோப்புறை வரிசையை விரித்தார். அங்கேயும் 1.

"இப்ப அனுப்பிவிடுங்கோவன்" என்றார் சிவமணி.

"இல்லை. நான் நேர போறன்."

மறுநாள் லாபிரின் வீட்டு விறாந்தையில், கதிரையைக் காட்டியும் உட்காராமல், அச்செடுத்த அழைப்பை நீட்டினார். இது போகவே இல்லை, பிழை என் பக்கம் என்றார். லாபிர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். திகதியையும் பார்த்தார்.

"அப்ப சாப்பாடு எத்தன மணிக்கு?"

ராஜலிங்கம் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார்.

"வாற ஞாயிறு, பன்னிரண்டரைக்கு. எங்கட வீட்டில."

பிறகுதான் கதிரையில் அமர்ந்தார்.