எழுத்துருப் பட்டியல் திறப்பதற்குள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, வேறொரு கதையை அச்செடுக்கப் போன இடத்தில். மலைமேல், செம்மேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே கோகிலவாணியின் தட்டச்சுக் கடை. என் மடிக்கணினியில் ஒரு பக்கத்தின் கடைசி வரியாக நின்ற வாக்கியம், அங்கே திரையில் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது. யாரோ என் கதையில் கை வைத்துவிட்டதுபோலப் பதறினேன். பிரிண்டர் மாறினால் வரி நகரும், பயப்பட வேண்டாம் என்றார் கோகிலவாணி. பிறகு, பிரிண்டரால் ஒருநாள் தான் பட்ட பாட்டைச் சொன்னார்.

(‘அவர்’ என்று எழுதுவது கதைக்கு வெளியே மட்டும்தான். கதைக்குள் போனதும் ‘அவள்’ ஆகிவிடுவார். தமிழில் கதை எழுதுகிறவர்கள் யாரையும் கேட்காமல் செய்கிற காரியம் இது. நானும் கேட்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், கோகிலவாணி—

வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். சந்தை நாள் வேறு.

இரண்டாவது தொடக்கம்: கோகிலவாணிக்குக் கடையைத் திறக்கவே பயமாக இருந்தது.

இது உண்மை. நாமக்கல்லில் கடையை மூடிய ஒருவரிடம் வாங்கி, கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க மடியில் பிடித்துக்கொண்டு ஏற்றிவந்த கணினி அது. தட்டச்சு செய்யும்வரை தொல்லை இல்லை. எழுத்துரு மாற்றலாமென்று பட்டியலைத் திறந்தால் திரை வெளுத்து அப்படியே உறைந்துவிடும். அதற்குள் வந்தவர்கள் கீழே இருக்கும் இன்னொரு கடைக்குப் போய்விடுவார்கள். பழைய முதலாளி அடைத்துவைத்திருந்த எழுத்துருக்களில் வேண்டாததையெல்லாம் நீக்கிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

3

அன்று அதே மலையில் வாழவந்தி நாடு என்னும் பகுதியிலிருந்து பழனியம்மாளும் அவள் மகள் கலைமணியும் வந்தார்கள். கலைமணிக்குக் கல்யாணம். சேலத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், பத்திரிகை வாசகத்தைத் தன் போனிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ‘பழனியம்மாள் அவர்களின் மகள்’ என்று இருந்தது.

அப்பா பேரு முன்னால் வரவேண்டும் என்றாள் பழனியம்மாள். கோகிலவாணி ‘திரு.’ என்று அடித்தாள். வேண்டாம் என்றாள் கலைமணி. அப்பா சின்னுசாமி, கூர்க் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டவர்.

யார் பேச்சைக் கேட்பதென்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. முதலில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று, தப்பிக்கிற யோசனையில், பழக்கதோஷத்தில் பட்டியலைத் திறந்துவிட்டாள். திரை வெளுத்தது.

4

[இங்கே ஒரு தவறு செய்தேன். முதல் பிரதியில் பழனியம்மாள் ஊர் வாய்க்குப் பயந்து பேசினாள். ‘நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்’ என்று அவளுக்கு வசனம் எழுதியிருந்தேன். ஒரு தாய் அதைத்தான் சொல்வாள் என்பது என் நினைப்பு. அச்செடுக்கும்போது படித்துப் பார்த்த கோகிலவாணி, “அந்தம்மா அப்படிச் சொல்லலீங்க சார்” என்றார். ஆகவே, சொன்னதை எழுதுகிறேன்.]

திரை உறைந்து கிடக்க, மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நம்மள உட்டுட்டுப் போனவரு பேரு எதுக்கும்மா?” என்றாள் கலைமணி.

பழனியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பேரு போட்டாத்தான் பத்திரிகை அனுப்ப முடியும். அனுப்புனாத்தான் வருவாரு. ஒருக்கா பாக்கோணும்னு இருக்குது கண்ணு.”

அம்மாவுக்கு அந்த மனிதர்மேல் கோபம் மட்டும்தான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள் கலைமணி. அந்தக் கோபத்தைத்தான் அவளும் கூடவே சுமந்து வளர்ந்தாள். அதில் அம்மாவின் பங்கு எவ்வளவு, தன்னுடையது எவ்வளவு என்று இப்போது அவளுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

கோகிலவாணி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

5

ஆல்பர்ட்டை அழைத்தாள். திண்டுக்கல்காரர், இங்கே அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. அலுவலகக் கணினிகள் முரண்டு பிடித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்துருவை நீக்கிய கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை விட்டுவிட்டு, எந்தப் பிரிண்டர் முதன்மையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

உள்ளே வந்தபோது திரை தானாகவே மீண்டிருந்தது. பார்த்தாள். முதன்மையாக இருந்தது மேசைக்கடியில் இருக்கும் அவளுடைய பிரிண்டர் அல்ல. நாமக்கல் கடையில் இருந்த பழைய பிரிண்டரின் பெயர். பட்டியலைக் காட்டும் முன்பு மென்பொருள் அந்தப் பிரிண்டரிடம் கேட்கிறது, அது பக்கத்தில் இல்லை, பதில் வராதா என்று பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகுதான் திறக்கிறது என்றார் ஆல்பர்ட். அவர் சொன்னபடி பழையதை நீக்கி, தன்னுடையதை முதன்மையாக்கினாள். பட்டியல் சட்டென்று திறந்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

[வாசகர் இங்கே ஒன்றைக் கவனித்திருப்பார். இல்லாத ஒருவரின் பதிலுக்காக— என்று எழுதினேன், கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரு பெண்ணின் காத்திருப்பைப் பிரிண்டரோடு சேர்த்துவைக்க மனம் வரவில்லை. கணினியில் பெயரை நீக்கச் சொல்வது ஆல்பர்ட்டுக்கு எளிது. பழனியம்மாளிடம் அவர் என்ன சொல்லிவிட முடியும்?]

6

இனி சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. “என்ன அடிக்கட்டுங்க?” என்று கேட்டாள் கோகிலவாணி.

தான் வெளியே நின்ற நேரத்தில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கலைமணி அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள்தான் சொன்னாள். கோகிலவாணி அடித்தாள்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சின்னுசாமி வந்து கடைசி வரிசையில் உட்கார்கிறார். இன்னொன்றில் மேடையில் பழனியம்மாள் தனியாக நின்று மகளைத் தாரைவார்க்கிறாள். இரண்டையும் கோகிலவாணியிடம் படித்துக்காட்டி, எது சரி என்று கேட்டேன்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க சார். ஆனா, அது அவங்க ஊட்டு விசயம். நான் சொல்றதுக்கில்லீங்க.”

எதிரே வாழவந்தி நாட்டுப் பேருந்து நின்றிருந்தது. ஏறிப் போய் யாரைக் கேட்டாலும், அப்பா பேர் இருக்கிறதா இல்லையா என்று பத்திரிகையையே காட்டியிருப்பார்கள். நான் ஏறவில்லை.

கலைமணி சொன்னதை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது உங்கள் தோளுக்குப் பின்னால் பழனியம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியும்.